கடாரத்து உபாத்தியாயர்கள்

‘கடாரங் கொண்டான்’ என்னும் பட்டம் முழங்காத தமிழர் மேடை இந்நாட்டில் அரிது. இராசேந்திர சோழனுடைய கப்பற்படை 1025-ஆம் ஆண்டில் வந்து தாக்கிய கடாரம் இன்றைய கெடாவே என்பதையும், பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள் பழைய இந்தியத் தொடர்புக்குச் சான்றாக நிற்கின்றன என்பதையும் நம் சிறுவருங்கூட ஒப்பிப்பர். அப்பெருமையை நாம் குறை கூறவில்லை. ஆனால், ‘கடாரம்’ என்னும் அந்த நான்கெழுத்தை லயத்துச் சிறுவனுக்குச் சிலேட்டில் எழுதப் பழக்கியவர் யார்? அவர் எங்கிருந்து வந்தார்? எதைப் படித்தார்? கல்வி என்பது எதற்கென்று எண்ணினார்? இக்கேள்விகளுக்கு விடை சொல்லுவோர் நம்மிடையே மிகச் சிலரே. அரசன் வந்துபோன கதை கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. உபாத்தியாயர் வந்துபோன கதை தாளிலேனும் எழுதப்படவில்லை.

பாடப் புத்தகம் எதுவாயினும், சட்டம் எதுவாயினும், வகுப்பறைக்குள் நுழைந்தபின் பிள்ளை கற்பது உபாத்தியாயரைத்தான். அவர் எவ்வாறு வளர்ந்தாரோ அவ்வாறே கற்பிக்கிறார்; எதற்கு அஞ்சினாரோ அதற்கு அஞ்சவே பிள்ளைக்கும் பழக்குகிறார்; எதை நம்பினாரோ அதையே நம்பச் செய்கிறார். ஆகையால் கெடாத் தமிழரின் கல்வி வரலாற்றை அறிய விரும்புவோர் அவ்வுபாத்தியாயர்களின் பூர்வீகத்தையும், அவர்கள் கொண்டிருந்த கல்விக் கொள்கையையும் முதலில் ஆராய்தல் வேண்டும்.

முதலில் பட்டணத்துப் பாடசாலையைப் பார்ப்போம். அலோர் ஸ்டார் நகரில் 1908-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சர்க்கார் ஆங்கிலப் பாடசாலை ஒன்று தொடங்கப்பட்டது. அப்போது கெடா இன்னும் சயாமின் மேலாட்சியில் இருந்தது; 1909-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னரே அது பிரிட்டிஷார் பாதுகாப்புக்கு மாறியது. பின்னாளில் சுல்தான் அப்துல் ஹமீத் கல்லூரி என்று பெயர்பெற்ற அப்பாடசாலையின் முதல் தலைமை உபாத்தியாயர் முகமது இஸ்கந்தர் என்பவர். தந்தை வழியில் அவர் குடும்பம் கேரளத்திலிருந்து பினாங்குக்கு வந்தது. அவர் பினாங்கு பிரீ ஸ்கூலில் ஆங்கிலம் பயின்றவர். அந்தப் பிரீ ஸ்கூலோ 1816-ஆம் ஆண்டில் ஹட்சிங்ஸ் என்னும் பாதிரியார் முயற்சியால் ஏற்பட்டது. மலாயாவில் தமிழ் வகுப்பு முதன்முதல் நடந்ததும் அங்கேதான் என்று கல்வி வரலாற்றார் கூறுவர்.

முகமது இஸ்கந்தருடைய கல்விக் கொள்கை இரண்டே சொற்களில் அடங்கும்: ஒழுங்கு, உழைப்பு. மிகவும் கண்டிப்பானவர் என்று அவர் பெயர்பெற்றிருந்தார். விடுதலை பெற்ற நாட்டின் முதற் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் இளமையில் அப்பாடசாலையில் படித்தவர். நான்காவது பிரதமரான மகாதீர் முகமது அங்கே படித்ததோடு, அத்தலைமை உபாத்தியாயருக்கு மகனாகவும் பிறந்தவர். ஒரு சிறு நகரத்துப் பாடசாலை நாட்டுக்கு இரண்டு பிரதமர்களைத் தந்தது என்றால், அங்கே கற்பித்தோருடைய உறுதிப்பாட்டை யாரும் சாதாரணமாக எண்ணிவிட முடியாது.

இத்தகைய ஆங்கிலப் பாடசாலைகள் மலாயாவின் பட்டணங்களில் பெருகியபோது, அவற்றுக்கு வேண்டிய உபாத்தியாயர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தனர். அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823-ஆம் ஆண்டிலேயே வட்டுக்கோட்டையில் உயர்தரக் கல்விச்சாலையை நிறுவியிருந்தார்கள். அதன் எதிரொலியாக ஆறுமுக நாவலர் 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். இவ்விரு போட்டியாலும் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலமும் கணிதமும் இலக்கணமும் செவ்வையாகக் கற்றோர் தொகை, அங்கே கிடைத்த உத்தியோகங்களின் தொகையை மிஞ்சிவிட்டது. எனவே அவர்கள் கப்பலேறி ரயில்வேயிலும், கச்சேரிகளிலும், வகுப்பறைகளிலும் அமர்ந்தார்கள்.

இவர்கள் கொண்டிருந்த கல்விக் கொள்கை பரீட்சையைப் பற்றியது. கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறியவனுக்கு உத்தியோகம், தேறாதவனுக்கு வெயில். இதைத் தம் வாழ்க்கையிலேயே கண்டவர்களாதலால் மாணவருக்கும் அதையே போதித்தார்கள். ஒரு கணக்கைப் பத்துமுறை போடச் செய்தார்கள். ஒரு வாக்கியத்தை இருபது முறை திருத்தினார்கள். அவர்கள் உழைப்பால் உயர்ந்த குடும்பங்கள் பல. எனினும், அவ்வகுப்பறையில் உட்கார்ந்திருந்தோர் யார்? அதிகாரிகளின் மக்கள், வியாபாரிகளின் மக்கள், கிராணிமாரின் மக்கள். பட்டணத்திலிருந்து சில மைல் தூரத்திலிருந்த ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளியின் மகன் பெரும்பாலும் அங்கே இல்லை. அவன் இல்லாதது அவ்வுபாத்தியாயருக்குக் குறையாகத் தோன்றவும் இல்லை.

இனித் தோட்டத்துக்குச் செல்வோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பாடசாலை ஏற்படுத்த வேண்டும் என்னும் விதி, ஐக்கிய மலாய் நாடுகளின் தொழிலாளர் சட்டத்தில் 1912-ஆம் ஆண்டில் இடம்பெற்றது. கெடா அவ்வைக்கியத்தில் சேராத நாடு. எனினும் தென்னிந்தியத் தொழிலாளரைத் தருவித்த இங்கும் தோட்டப் பள்ளிகள் தோன்றின. பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரங்களில் ரப்பர் பெருகப் பெருக லயங்களும் பெருகின; லயங்களோடு பள்ளிகளும் பெருகின.

‘பள்ளி’ என்றவுடன் வாசகர்கள் கட்டடத்தை நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் அது ஓர் ஓலைக்கொட்டகை. சில இடங்களில் பிள்ளைமடுவத்தின் ஒரு மூலை. சில இடங்களில் கோயில் தாழ்வாரம். பாடசாலை வைக்கவேண்டும் என்று சட்டம் சொல்லிற்றேயன்றி, அதில் யார் கற்பிக்க வேண்டும் என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் உபாத்தியாயராக நியமிக்கப்பட்டார். கங்காணி ஒருவர் பெரட்டு முடிந்தபின் பாடம் சொன்னார். கிராணி ஒருவர் கணக்கு எழுதிய நேரம்போக எழுத்துச் சொன்னார். ஊரில் நான்கு வகுப்புப் படித்துவிட்டு மரம் வெட்ட வந்த தொழிலாளி ஒருவர் கத்தியை வைத்துவிட்டுப் பிரம்பை எடுத்தார். சம்பளம் அற்பம். இருப்பிடம் துரையின் தயவு.

இவருடைய கல்விக் கொள்கை எங்கிருந்து வந்தது? அவர் பிறந்த ஊரின் திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. மணலில் விரலால் எழுதுதல், உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தல், மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளையாக்கி இளையோருக்குக் கற்பிக்கச் செய்தல் ஆகிய மூன்றுமே அவர் அறிந்த முறைகள். இதைக் கேட்டு நகைப்போருக்கு ஒன்று சொல்லுவோம். சென்னையில் ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதியதையும் ஒருவருக்கொருவர் கற்பிக்கச் செய்தால் பயனுண்டு என்பதையும் கண்டு, 1797-ஆம் ஆண்டில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயராலேயே அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஆகவே திண்ணை முறை இழிவானதன்று. ஆனால், வகுப்புகள் ஆறு, உபாத்தியாயர் ஒருவர் என்னும் நிலையில், அம்முறை கல்வி முறையாக இல்லாமல் நெருக்கடியைச் சமாளிக்கும் வழியாகிவிட்டது. முதல் வகுப்பு ‘அ, ஆ’ என்று கத்தும். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும். ஐந்தாம் வகுப்பு வாசிக்கும். எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. கேட்டால் பதில் சொல்ல வாத்தியாருக்கு நேரமுமில்லை.

ஆட்சியாளரும் முதலாளிகளும் கொண்டிருந்த கொள்கையையும் மறந்துவிடலாகாது. மீனவன் மகனைத் தந்தையினும் சற்று அறிவுள்ள மீனவனாகவும், உழவன் மகனைச் சற்று அறிவுள்ள உழவனாகவும் ஆக்குவதே தாய்மொழிப் பள்ளியின் நோக்கம் என்று 1920-ஆம் ஆண்டளவில் ஐக்கிய மலாய் நாடுகளின் தலைமைச் செயலாளராயிருந்த ஜார்ஜ் மாக்ஸ்வெல் கருதினார். அவர் அதை மலாய்க்காரரைக் குறித்துக் கூறினார். தமிழருக்கோ அவ்வளவுகூடச் சொல்லப்படவில்லை. பால்வெட்டுக்காரன் மகன் பால்வெட்டுக்காரனாக நிலைத்தாற் போதும் என்பதே எழுதப்படாத சட்டம். பத்துப் பன்னிரண்டு வயதில் புல் பிடுங்கவும், கோப்பை துடைக்கவும் அழைக்கப்பட்ட பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு எங்கே? அதற்கப்பால் உயர்தரப் பாடசாலை எங்கே?

இவ்வளவும் சொன்னபின், அந்தப் பழைய தோட்டத்து வாத்தியாரை நாம் தூக்கியெறியப் போகிறோமா? இல்லை. தாய்நாட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டியவரும், பதில் எழுதிக் கொடுத்தவரும் அவரே. செய்தித்தாள் வந்தால் அந்திப்பொழுதில் கூட்டம் கூட்டி உரக்க வாசித்தவரும், நாடகம் பழக்கியவரும் அவரே. உலகம் லயத்தோடு முடிந்துவிடவில்லை என்பதைத் தோட்டத்து மக்கள் அறிந்தது பெரும்பாலும் அவர் வாயிலாகத்தான். ஆனால் அவர் வாய் முழுவதும் திறக்கவில்லை. நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் பெயருள்ளவர் தொழிலாளரின் பக்கம் பேசினால் அன்று மாலையே வீட்டைக் காலி செய்ய நேரும். கற்பிப்பவன் அஞ்சி நிற்கும்போது கற்பவன் நிமிர்வது எங்ஙனம்?

இந்நிலையை யுத்தம் குலைத்தது. 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வடக்கிலிருந்து புகுந்தபோது, முதற் பெருஞ்சண்டை கெடாவின் ஜித்ராவில் நடந்தது. 1943-ஆம் ஆண்டில் கெடாவை ஜப்பானியர் தாய்லாந்துக்குக் கொடுத்தனர். தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் தொகை பெரிது. பாடசாலைகள் நலிந்தன. பிழைத்து மீண்ட தலைமுறை பழைய தலைமுறையாக இல்லை. பீடோங் வட்டாரத்து ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளையும் சீர்கேட்டையும் எதிர்த்தது. இளைஞரை அணிவகுத்து நிற்கச் செய்தது. 1947-ஆம் ஆண்டில் போலீசாரோடு மோதல் நேர்ந்து, அவ்வியக்கம் சிறையாலும் அடக்குமுறையாலும் ஒடுக்கப்பட்டது. அப்படையைக் கல்வி வரலாற்றில் சேர்ப்பது தகுமா என்று சிலர் வினவலாம். தகும் என்போம். துரையைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கவேண்டும் என்பது தோட்டம் கற்பித்த முதற் பாடம். அப்பாடத்தைச் சிலேட்டிலிருந்து அழித்தவர்கள் இவர்கள். தலைநிமிர்ந்த தந்தையே ‘என் மகனுக்கு நல்ல உபாத்தியாயர் வேண்டும்’ என்று கேட்கத் துணிவான்.

அதன்பின் வந்தது அறிக்கைகளின் காலம். 1951-ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் போதனாமொழியாகவுள்ள தேசியப் பள்ளிகளே போதும் என்றது. தமிழ்ப் பள்ளியின் வேரே அசைந்தது. தமிழர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையோ, தமிழ் ஆரம்பப் பள்ளிகளைப் பொதுப் பாடத்திட்டத்துடன் நாட்டின் கல்வி அமைப்புக்குள் ஏற்றது. இதனால் உபாத்தியாயருக்கு விளைந்த நன்மை பெரிது. பயிற்சி பெறாதவர் கற்பிக்கும் காலம் மெல்ல மெல்ல மறைந்தது. நிர்வாகத்தின் தயவில் நின்றவர் சர்க்காரின் சம்பளத்துக்கு உரியவரானார். ஏழாம் வகுப்புத் தேறிய தோட்டத்துப் பிள்ளைகளே பயிற்சி பெற்று உபாத்தியாயராக வந்தனர். லயத்தில் பிறந்தவர் லயத்துப் பிள்ளைக்குக் கற்பிக்கலானார். பசியோடு வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளும் உபாத்தியாயர் தோன்றினார். தமிழ் முரசு தொடங்கிய மாணவர் மணிமன்றம் போன்ற அமைப்புகள் இவர்களுடைய மாணவருக்குப் பேனாவைக் கொடுத்தன. மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை 1956-ஆம் ஆண்டில் ஏற்பட்டதும், தமிழைப் பட்டப்படிப்பாகக் கற்று உயர்தரப் பாடசாலையில் போதிக்கும் வழி திறந்தது.

ஆங்கிலப் பாடசாலைகளுக்கும் புதிய உபாத்தியாயர் வந்தனர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்கருகில் கிர்க்பி என்னுமிடத்தில் மலாயா உபாத்தியாயருக்கென்றே 1952 முதல் 1962 வரை பயிற்சிக் கல்லூரி நடந்தது. பல இனத்து இளைஞர் ஒரே விடுதியில் உண்டு உறங்கிப் பயின்றனர். நாட்டின் சுதந்திர நாளைத் துங்கு 1956-ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதன்முதல் வெளியிட்டதும் அம்மாணவர் நடுவில்தான். பரீட்சை ஒன்றையே கண்ட பழைய உபாத்தியாயரின் கொள்கைக்குப் பக்கத்தில், விளையாட்டும் நாடகமும் கேள்வி கேட்டலும் கல்வியே என்னும் புதிய கொள்கை வந்து அமர்ந்தது.

இவ்வாறு இரண்டு மரபுகளும் வளர்ந்தன; ஆனால் நெடுங்காலம் இரண்டும் சந்திக்கவில்லை. சந்திக்க வைத்தது 1965-ஆம் ஆண்டு. அதற்குமுன் உயர்தரப் பாடசாலைக்குச் செல்லத் தேர்வு ஒன்று வாயிற்படியில் நின்றது. அது நீக்கப்பட்டபின் ஆறாம் வகுப்பு முடித்த எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் உரிமை பெற்றனர். தமிழ் இடைநிலைப் பள்ளி இல்லாமையால், தோட்டத்துப் பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பயின்று, வேற்றுமொழி வகுப்பில் சேரவேண்டியதாயிற்று. அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, கூலிம் முதலிய பட்டணங்களின் பாடசாலைகளுக்கு விடியுமுன்னே எழுந்து பஸ்ஸேறிய அப்பிள்ளைகளை வாசகர்களிற் பலர் அறிவர். அவர்களிற் சிலர் இதை வாசித்துக்கொண்டும் இருப்பர்.

நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது இவ்விடத்தைத்தான். ஆறாண்டு தன் மொழியில், தன்னை அறிந்த உபாத்தியாயரிடம் படித்த பிள்ளை, திடீரென்று தன்னை அறியாத பலரிடம் ஒப்படைக்கப்பட்டான். அவ்வுபாத்தியாயர்கள் கெட்டவரல்லர், பலர் மிகச் சிறந்தவர். ஆனால் அவன் தாய் காலை நான்கு மணிக்கு எழுந்து மரத்துக்குப் போகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டுப்பாடம் எழுத விளக்கும் மேசையும் இல்லை என்பது தெரியாது. கடைசி வாங்கில் வாய்மூடி இருப்பவனை ‘மந்தன்’ என்று குறித்துக்கொண்டார்கள்; மொழி புரியாததால் அவன் வாய் மூடியிருந்தான். தோட்டத்திலிருந்து புறப்பட்டவரில் எத்தனையோ பேர் இப்பாலத்தைக் கடக்கமுடியாமல் நடுவிலே விழுந்தனர். கடந்தவரும் உண்டு. பீடோங்கில் 1940-ஆம் ஆண்டு பிறந்த ரெ. கார்த்திகேசு பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராகவும் தமிழ் நாவலாசிரியராகவும் விளங்கினார். ஆனால் ஒருவர் கடந்ததைக் காட்டிப் பாலம் செவ்வையாக இருக்கிறதென்று சொல்வது நியாயமாகாது.

அப்பாலத்தில் கைகொடுக்க நின்றவர் இடைநிலைப் பள்ளியின் தமிழாசிரியர். அவர் பெரும்பாலும் அப்பள்ளியில் ஒருவரே. தமிழ்ப் பாடத்தோடு அவர் வேலை முடியாது. பிள்ளை ஏன் வரவில்லை என்று லயத்துக்குச் சென்று விசாரித்தவர், கட்டணத்துக்கு வழி தேடியவர், பிற உபாத்தியாயரிடம் ‘இவன் மந்தனல்லன்’ என்று வாதாடியவர் இவர். முகமது இஸ்கந்தரின் ஒழுங்கும், யாழ்ப்பாணத்தாரின் பரீட்சைத் திறமும், தோட்டத்து வாத்தியாரின் நெருக்கமும் ஒருங்கே சேர்ந்தால் எத்தகைய உபாத்தியாயர் கிடைப்பாரோ, அத்தகையவர்களை இவர்களிடையே காணலாம்.

அத்தகையவர் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்களா? அதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. இடைநிலைப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் போதிக்க வசதி செய்யவேண்டும் என்பது நாட்டின் கல்விச் சட்டத்திலேயே உள்ளது. ‘கேட்டால்’ என்னும் சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கேளாத இடத்தில் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாத இடத்தில் தமிழாசிரியர் இல்லை. தமிழாசிரியர் இல்லாத இடத்தில், தோட்டமோ பட்டணத்து அடுக்குவீடோ, அங்கிருந்து வரும் நம் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பவரும் இல்லை. பதினைந்து கையெழுத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும். கோயில் திருவிழாவுக்கு வீடுவீடாகச் சென்று வசூலிக்கத் தெரிந்த நமக்கு இது இயலாத காரியமா என்று கேட்கிறோம்.

இன்று கெடாவின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. ஏறத்தாழ 60 தமிழ்ப் பள்ளிகள் இம்மாநிலத்தில் நிற்கின்றன. சுங்கைப் பட்டாணியில் உள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலே தமிழாசிரியர்கள் பயிற்சி பெற்று வருகிறார்கள். பெரட்டு மணியடித்த பீடோங் வட்டாரத்திலேயே 2001-ஆம் ஆண்டில் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக் கழகம் மருத்துவரை உருவாக்குகிறது. மாறுதல் உண்மை. ஆயினும் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் டாக்டராகவோ வக்கீலாகவோ ஆகவேண்டும், மதிப்பெண் குறைந்தவன் வாத்தியாராகட்டும் என்னும் எண்ணம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. கத்தியை வைத்துவிட்டுப் பிரம்பை எடுத்தவரையே போதுமென்று கருதிய பழைய நிர்வாகத்தின் எண்ணத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நம் பிள்ளைகளில் சிறந்தோர் சிலரேனும் இடைநிலைப் பள்ளி வகுப்பறைக்குச் செல்லவேண்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. அது உடனே செய்யத்தக்கது. ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒவ்வொருவரும் ஒரு சரித்திர நூல். ஒவ்வொரு பள்ளியின் பழைய மாணவரும் ஒன்றுகூடி, அங்கே கற்பித்தோர் எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எத்தனை ஆண்டு உழைத்தார், எதைச் சொல்லிப் பிள்ளைகளைத் திருத்தினார் என்பனவற்றை அவரிடமே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்களாக. கோலா கெடாவிலிருந்து கூலிம் வரை இது நடைபெறுமாயின், கடாரத்தின் வரலாற்றில் படையெடுத்து வந்தவன் பெயருக்குப் பக்கத்தில், பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் எடுத்து வந்தவர் பெயரும் நிற்கும்.